சன்னிசைட் குதிரைகள்

ரொறன்ரோவுக்கு வந்து ஏழு வருடமாகியும் ஏரியைப் பார்க்காத ஒருவன் இருந்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலை செய்துகொண்டு. சீமோன் அப்படித்தான் இருந்தான். வேலை, நித்திரை, வேலை என்று ஓடியவனுக்கு நேரம் இல்லைத்தான். ஆனால் அது சாக்கு. உண்மையான காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

அவன் தீவுப்பகுதியில் நாரந்தனையைச் சேர்ந்தவன். மகள் ஷரோன் தவழத் தொடங்கிய காலத்தில், ஊரில் இளவட்டங்கள் எல்லாம் சண்டைக்குப் பயந்து திசைக்கொருவராக ஓடிய ஓட்டத்தில் அவனும் ஓடி, எண்பத்தெட்டில் கனடாவில் வந்து விழுந்தான். "போய்ச் சேர்ந்த உடன கூப்பிடுறன்" என்று மனைவி செலீனிடம் சொல்லிவிட்டு வந்தான். எல்லாப் புருசன்மாரும் சொல்வதுதான். அகதி வழக்கு இழுபட்டது. குடும்பத்தைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் இழுபட்டது. செலீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்தாள். அவள் பொறுமைசாலி என்று சொல்வார்கள். பொறுமை கிடக்கட்டும், அவளுக்கு வேறு வழி இல்லை.

சீமோன் குயின் தெருவின் மேற்கு முனையில், போலந்துக்காரர் ஒருவருடைய ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினான். அங்கே கழிப்பறைக்குப் போகும் ஒடுங்கிய நடையில் மூன்று படங்கள் தொங்கின. ஒன்றில் மலைபோல் ஏறி இறங்கும் தண்டவாளம், அதன் உச்சியில் கைகளைத் தூக்கிக் கத்துகிற சனங்கள், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர். இன்னொன்றில் தொப்பி போட்ட ஆண்களும் பெண்களுமாகக் கரையோரம் தேர்த்திருவிழாக் கூட்டம். மூன்றாவதில் ஒரு சின்னப் பெண் துள்ளுகிற மரக்குதிரையின் மேல் இருந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். வெள்ளைக்காரருக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு மோகம் என்று சீமோன் நினைத்தான். தொப்பிகளைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களாக்கும் என்று தானே விளக்கமும் சொல்லிக்கொண்டான்.

"இது எங்கே?" என்று ஒருநாள் முதலாளியிடம் கேட்டான். அவர் கையிலிருந்த கத்தியால் தெற்குப் பக்கமாகக் காட்டி, "சன்னிசைட். அங்கேதான், ஏரிக்கரையில்" என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் வெட்டப் போய்விட்டார். அவரும் கடையைப் படங்களோடு சேர்த்து வாங்கியவர். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கே அவன் மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தான். நேர்த்தி வைப்பவர்கள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். சிலர் மாமிசத்தை விடுவார்கள், சிலர் தாடி வளர்ப்பார்கள், சிலர் செருப்பில்லாமல் நடப்பார்கள். சீமோனுக்கு இதில் ஒன்றும் சரிவரவில்லை. நாள் முழுக்கச் சொசேஜ் அவிக்கிற குசினியில் ருசி பார்க்கச் சொன்னால் பார்க்கத்தான் வேண்டும். தாடிக்கு முதலாளி விடமாட்டார். இந்த ஊர்ப் பனியில் செருப்பில்லாமல் நடந்தால், மாதா பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் காலைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். மிஞ்சியிருந்தது ஆசை ஒன்றுதான். "தாயே, என்ர பிள்ளை வந்து சேருமட்டும் அந்தக் குதிரையளை நான் பாக்கமாட்டன். அவளோடதான் போய்ப் பாப்பன்" என்று, சட்டைப்பையில் இருந்த மாதாவின் சின்னப் படத்தைத் தொட்டுச் சொன்னான்.

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். அங்கேதான் எல்லாம் பிழையாகிப் போனது. வேலை முடிந்தால் வடக்கே பார்த்தபடி, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் ஏறுவான். கோடையில் குசினிப் பெடியன்கள் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டான். டோர்செட் பார்க் குடியிருப்பில் அவனோடு ஒரே அறையில் இருந்த அன்புராசா ஒருநாள் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "சீமோன் அண்ணை, நீங்கள் சொல்லுற சன்னிசைட் பக்கம் இண்டைக்குப் போனன். அங்கை..." என்று தொடங்கியபோது, சீமோன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"சொல்லாத! நேர்த்தி!"

"அதில்லை அண்ணை, அங்கை வந்து..."

"வாயை மூடடா அன்பு! கேட்டாலும் பாத்த மாதிரித்தான்."

அன்புராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சீமோனுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை அவனே அடைத்துவிட்டான்.

கொட்டாஞ்சேனைக்கு ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் ஷரோனைக் கூப்பிட்டுக் கதைப்பான். தகப்பனை அறியாத பிள்ளையோடு என்னத்தைக் கதைப்பது? சாப்பிட்டியா, படிக்கிறியா என்று கேட்டால் "ம்" என்பாள். அதற்கு மேல் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்கு நாலு வயதானபோது அவன் குதிரைகளைப் பற்றிச் சொன்னான். அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்திலிருந்து முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது.

"எத்தினை குதிரை?"

சீமோனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அன்றிலிருந்து கதை வளர்ந்தது. குதிரைகள் பாட்டுக்குச் சுற்றும் என்றான். மேலே போகும், கீழே வரும் என்றான். உன் குதிரை வெள்ளை என்றான். தண்டவாளத்தின் உச்சியில் ஏறினால் ஏரியின் மறுகரை தெரியும் என்றான். ஒரு கண்ணாலும் பார்க்காததை ஒன்றும் விடாமல் சொன்னான். பொய் சொல்லுகிறோம் என்று அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. படத்தில் இருந்ததைத்தான் சொன்னான், கொஞ்சம் கூட்டிச் சொன்னான், அவ்வளவுதான். ரெலிபோன் வைக்கும்போது பிள்ளை, "குதிரையளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்பாள். அவன் ஒரு பெரிய லாயத்துக்குப் பொறுப்பானவன்போல "ஓம், ஓம்" என்பான்.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் செலீன் அழுதாள், சீமோன் அழுதான். ஷரோன் அழவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் நின்றுகொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். ரெலிபோனில் கேட்ட குரலுக்கும் இந்த மெலிந்த, முன்நெற்றி ஏறிய மனிதனுக்கும் முடிச்சுப் போட அவளால் முடியவில்லை.

அன்புராசா வேறு இடம் பார்த்துப் போய்விட, அந்த அறையில் மூன்று பேரும் குடித்தனம் தொடங்கினார்கள். ஷரோன் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அம்மா, அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்பாள். "அம்மா, அவற்ர திறப்பு கதிரைக்குக் கீழ கிடக்கு" என்பாள். சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கிற மனிதனுக்குச் செய்தி தாய் மூலமாகத்தான் போகும். சீமோன் சிரித்துச் சமாளித்தான். குளிக்கும் அறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுவான்.

"கொஞ்ச நாளில சரிவரும், இஞ்சாருங்கோ" என்பாள் செலீன்.

"குதிரையைக் காட்டினால் சரிவரும்" என்பான் அவன். அவன் நம்பிக்கை எல்லாம் அந்த மரக்குதிரைகளின் முதுகில் ஏறியிருந்தது. அவளை அங்கே கொண்டுபோய் ஏற்றிவிட்டால், ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அப்பா என்று கூப்பிட்டுவிடுவாள் என்று நினைத்தான். பிள்ளையும் தாயிடம் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள்: "எப்ப குதிரை?" பனி போகட்டும், குளிர் போகட்டும் என்று தள்ளித் தள்ளி ஜூன் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டார்கள். செலீன் மீன் கட்லட்டும், சம்பல் வைத்த பாணும் கட்டினாள். பூப்போட்ட கவுன் சட்டை ஒன்றை எடுத்து வைத்தால் ஷரோன் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். குதிரையில் ஏறுவதற்குச் சட்டை சரிவராதாம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டாள். பஸ், சப்வே, ஸ்ரீற்கார் என்று நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்தார்கள். சீமோன் வழியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை அவன் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள். சீமோனுக்கு அந்தச் சிரிப்பே போதும்போல் இருந்தது. அத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

குயின் தெருவின் மூலையில் இறங்கி, ரெயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் மேலாகப் போகிற நடைபாலத்தில் ஏறினார்கள். கீழே கார்கள் இரைந்துகொண்டு ஓடின. அப்பால் ஏரி. சீமோன் அசந்து நின்றுவிட்டான். கடல்போல் கிடந்தது. இத்தனை வருடமாக இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டா திரிந்தோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பாலத்தை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால், தூண்களும் வளைவுகளுமாக ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம். "பாத்தியளே! இதுதான் வாசல்!" என்று கத்தினான். பிள்ளை ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான். வளைவுக்குள் நுழைந்து பார்த்தால் உடுப்பு மாற்றுகிற அறைகள், பக்கத்தில் ஒரு நீச்சல்குளம். நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், குளம் இன்னும் திறக்கவில்லை என்றாள். சீமோன் விரலை ஆகாயத்தில் வட்டமாகச் சுற்றிக் காட்டினான். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

வெளியே வந்தான். மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான். பலகை போட்ட நடைபாதை, புல்வெளி, கொழுத்த வாத்துகள், ஓடிப்போகிற ஆட்கள். தண்டவாளமும் இல்லை, பாட்டும் இல்லை, சுற்றுகிற ஒரு சில்லுகூட இல்லை. நடைபாதை நெடுக அவன் ஓட்டமும் நடையுமாகப் போக, பின்னால் தாயும் மகளும் சாப்பாட்டுப் பையோடு இழுபட்டார்கள். நெடுஞ்சாலையின் இரைச்சல் விடாமல் கூடவே வந்தது.

செலீன் கெட்டிக்காரி, நிலைமையை விளங்கிக்கொண்டாள். அவன் காதருகே வந்து, "இண்டைக்குப் பூட்டியாம் எண்டு சொல்லுங்கோ. பிறகு வேற எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம்" என்றாள்.

நல்ல யோசனைதான். ஒரு சின்னப் பொய், பிள்ளை நம்பிவிடுவாள். சீமோன் வாயைத் திறந்தான். ஆனால் ஷரோன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு பொய்யைச் சொன்னால், இத்தனை வருடமாக ரெலிபோனில் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. முழங்காலை மடித்து அவள் முன் குந்தினான்.

"பிள்ளை, இங்க குதிரை இல்லை. எனக்குத் தெரியாமல் போச்சு."

கனடா வந்த பிறகு ஷரோன் முதல்முறையாக அவனோடு நேராகப் பேசினாள். "நீங்க முந்தி வந்து பாக்கேல்லையா?"

"இல்லை."

"பிறகு ஏன் இருக்கெண்டு சொன்னீங்க? வெள்ளைக் குதிரை எண்டு சொன்னீங்க. பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னீங்க."

நேர்த்தியைப் பற்றி, படத்தைப் பற்றி அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரக் கதையாகக் கேட்டது. பிள்ளை பாதியில் திரும்பித் தாயைப் பார்த்து, "அவர் பொய், அம்மா" என்றாள். பிறகு கரையோரக் கற்களில் போய், ஏரியைப் பார்த்தபடி இருந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியாவது இருக்கலாம்.

சீமோனுக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது. ஏழு வருடம் ஊறவைத்த ஆசை, புல்லும் வாத்துமாக முன்னால் கிடந்தது. ஆனாலும் ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளாமல் போக அவனுக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தில் இருந்த குதிரைகள் எங்கே? அப்படி ஒன்று இருந்ததா, இல்லையா?

கொஞ்சத் தூரத்தில் ஒரு மேசையில் மூன்று கிழவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போனான். சீமோனுடைய ஆங்கிலம் குசினி ஆங்கிலம். தட்டு, கரண்டி, வெங்காயம், கெதியாய்ச் செய் என்பதற்கு மேல் அது போகாது. "சன்னிசைட்... குதிரை..." என்று விரலைச் சுற்றிக் காட்டினான். நீலத் தொப்பி போட்ட கிழவர் நிமிர்ந்து பார்த்து, மடமடவென்று ஏதோ சொன்னார். சீமோனுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பத் தலையை மட்டும் ஆட்டினான்.

செலீன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அந்த மனுசன் என்ன சொல்லுறார் எண்டு கேட்டுச் சொல்லு, செல்லம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஐந்து மாதத்துக்குள் ஷரோன் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். பிள்ளைகள் அப்படித்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கிழவரும் சின்னப் பிள்ளையைக் கண்டதும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் கேட்டுக் கேட்டு, தாய்க்குச் சொன்னாள்.

"முந்தி இருந்ததாம், அம்மா. இவர் என்னை மாதிரி சின்னாளா இருக்கேக்க வருவாராம். கோடையில பிள்ளையளைக் குளிக்கக் கொண்டுவர ஸ்ரீற்கார் காசில்லாமல் சும்மா ஓடுமாம். துவாயோட போய் நிண்டாச் சரியாம். பெரிய ரோலர் கோஸ்ரர் இருந்ததாம். மேல போனா ஏரி முழுக்கத் தெரியுமாம்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொன்னதும் அவள் ஒரு கணம் நின்று, சீமோனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கிழவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனார். ராத்திரியில் பாண்ட் வாசிக்க, சோடி சோடியாக ஆடுவார்களாம். டோனட் சுடுகிற மணம் அடுத்த தெருமட்டும் போகுமாம். பழைய வள்ளங்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்க் கொளுத்தி, அது எரிவதைப் பார்க்க ஊரே திரளுமாம். ஈஸ்ரர் என்றால் பெண்கள் புதுத்தொப்பி போட்டுக்கொண்டு இந்தப் பலகை நெடுக நடப்பார்களாம். தொப்பிக்கு விளக்கம் கிடைத்ததில் சீமோனுக்கு ஒரு சின்ன ஆறுதல். பூசை என்று நினைத்தது முழுப்பிழை இல்லை.

"பிறகு எங்க போச்சாம்?" என்று அவன் கேட்டான். பிள்ளை கேட்டாள். கிழவர் கையைத் தூக்கி நெடுஞ்சாலையைக் காட்டினார்.

"ரோட்டுப் போடுறதுக்கு எல்லாத்தையும் உடைச்சவையாம். கொஞ்சம் எரிஞ்சு போச்சாம். நாப்பது வருசமாம்." ஷரோன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "நீங்க பிறக்க முந்தி."

சீமோனின் தலையில் கல்லைப் போட்டதுபோல் ஆகிவிட்டது. தான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட ஒன்றையா தன் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தான்! காதைப் பொத்திக்கொண்டபோது அன்புராசா சொல்ல வந்தது என்ன என்று இப்போது விளங்கியது. அவனை வாயை மூடச் சொன்ன வாயில் போட வேண்டும்.

கிழவர், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் ஒப்புவிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இரண்டு பேர் பக்கம் திரும்பி, இந்த மனிதன் குதிரையில் ஏற நாற்பது வருடம் பிந்தி வந்திருக்கிறான் என்றார். மூன்று பேரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்புத்தான்.

சீமோனும் சேர்ந்து சிரித்தான். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் கூடவே சிரித்துவிட வேண்டும் என்று அவன் குசினியில் பழகியிருந்தான். அப்படிச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும். பல்லைக் காட்டி, தலையை ஆட்டி, அசடு வழிய நின்றான்.

ஷரோன் அவனைப் பார்த்தாள். அவன் வாயில் இருந்த சிரிப்பைப் பார்த்தாள். அவள் முகம் குப்பென்று சிவந்தது.

"ஸ்ரொப் இற்!" என்று கத்தினாள். வாத்துகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சின்னக் கையை மேசையில் ஓங்கி ஒரு அடி. பிறகு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். என் அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அவருக்குத் தெரியாது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவர் எந்த நாளும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், அதனால்தான் வந்து பார்க்கவில்லை. ஓடிவந்த அந்த வார்த்தைகளில் சீமோனுக்குப் பிடிபட்டவை கொஞ்சம்தான். கோப்பை கழுவுவது பிடிபட்டது. "மை அப்பா" பிடிபட்டது. முதலில் ஒருமுறை, பிறகு இன்னொரு முறை, "மை அப்பா."

செலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். சீமோனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சந்தோசம் என்றால் இப்படியும் ஒரு வலி வலிக்குமா என்று இருந்தது. எந்தக் குதிரையிலும் ஏறாமல், எந்தப் பாட்டும் வாசிக்காமல், ஒரு சீட்டாட்ட மேசைக்கு முன்னால், கோபத்தில் அல்லவா அந்தச் சொல் வந்திருக்கிறது!

கிழவர்களின் சிரிப்பு நின்றது. நீலத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். எழுந்து வந்து பிள்ளையிடம் ஏதோ சொன்னார், பிறகு சீமோனிடம் கையை நீட்டினார். மன்னிப்புக் கேட்கிறார் என்பதை விளங்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சீமோன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பிறகு அவர் அவர்களைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெடுஞ்சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில், இப்படியும் அப்படியும் பார்த்து, கட்டடத்தை ஒரு கண்ணை மூடி அளந்து, கடைசியில் ஓரிடத்தில் காலை ஊன்றினார். இதுதான், அல்லது இதற்குப் பக்கத்தில். ஷரோன் அந்த இடத்தில் போய் நின்றாள். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆனாலும் குதிரைகள் என்ன நிறம் என்று கேட்டாள். எல்லா நிறமும் என்றார் கிழவர். பொன்னிறப் பிடரியோடு ஒரு கறுப்புக் குதிரை இருந்ததாம், அதில் ஏறுவதற்காகத் தம்பியைத் தள்ளிவிட்டு ஓடுவாராம். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தம்பி இப்போது இல்லை போலிருக்கிறது.

"அப்ப குதிரையும் எரிஞ்சு போச்சோ?" என்று சீமோன் கேட்டான். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் துள்ளிவிட்டாள்.

"எரியேல்லை! வித்தவையாம்! கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனவையாம், அங்க இன்னும் சுத்துதாம்! பிள்ளையள் ஏறுறவையாம்!"

அவள் அதைத் தாயைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். சீமோன் அதைக் கவனித்தான், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புல்லில் துணியை விரித்து இருந்தார்கள். செலீன் கிழவர்களுக்கும் கட்லட் கொடுத்தாள். உறைப்புத் தாங்காமல் ஒருவர் இருமினார், ஆனாலும் இரண்டாவதும் கேட்டு வாங்கினார். ஏரியிலிருந்து காற்று வந்தது. நெடுஞ்சாலை தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. சீமோன் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னான், கொஞ்சம் கோபத்தோடுதான். இப்படிச் சுற்றி வளைத்தா தாயே கொடுப்பது என்று கேட்டான்.

ஷரோன் சாப்பிட்டபடி யோசித்துக்கொண்டிருந்தாள். "கலிபோர்னியாவுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். கேள்வி நேராக அவனுக்குத்தான்.

சீமோனின் நாக்கு உடனே பழைய பழக்கத்துக்குப் புறப்பட்டது. அது என்ன தூரம், அடுத்த வருசம் கூட்டிக்கொண்டு போறன், அங்கே கடற்கரை முழுக்கக் குதிரையாம் என்று எல்லாம் நுனிநாக்கில் வந்து வரிசையில் நின்றன. இத்தனை வருடமும் அதைத்தானே செய்தான். செலீன்கூட அவன் வாயைப் பார்த்தாள். பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் அதையெல்லாம் விழுங்கினான்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் போனதில்லை."

ஷரோன் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்பது தெரிந்தது. கையில் ஒட்டியிருந்த கட்லட் தூளை ஜீன்ஸில் துடைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து இருந்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் விசாரிச்சுப் பாப்பம், அப்பா."